எங்கள் உரிமைக்கு எத்தனை ஓட்டு?

“மக்கள் விரும்பினால் மாற்றக் கூடாதா?” என்ற கேள்வியை இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறேன்.

ஒரு பக்கம் அதிகாரத்தில் இருப்பவர்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த நானூறு இடம் வேண்டும் என்று ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கர்நாடகத்தில் வெளிப்படையாகவே பேசினார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று கட்சி கைகழுவியது. கட்சி கைகழுவியதால் கேள்வி ஒழிந்துவிடவில்லை. நானூறு பேர் கைதூக்கினால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற எண்ணம் நம் வீட்டுத் திண்ணைவரை வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம் நம்முடைய தோழர்கள். இடதுசாரிகள், தமிழ்த்தேசியம் பேசுகிறவர்கள், பெரியாரியர்களில் சிலர். அவர்கள் சொல்வது இது: இந்த அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அவை எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அவையல்ல, சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்த மாகாணச் சட்டமன்றங்கள் அனுப்பிய அவை. இன்று அதைக் காவல் காக்கும் நீதிபதிகளையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருக்க, வாக்குரிமை பெற்ற மக்கள் மாற்ற நினைத்தால் தடுக்க இவர்கள் யார்?

இதில் சொல்லப்படும் செய்திகள் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து இவர்கள் போய்ச் சேரும் முடிவை நான் ஏற்கவில்லை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்காளர்கள் உரிமையைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்தாலும், மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தாலும், பத்தில் ஒன்பது பேர் சேர்ந்தாலும், பத்தாவது ஆளின் அடிப்படை உரிமையை எடுக்கும் அதிகாரம் அந்த ஒன்பது பேருக்கு இல்லை. இதை நீதிபதிகள் மீதுள்ள பக்தியால் சொல்லவில்லை. ஒரு பெண்ணாக, வடசென்னையில் வாழ்கிறவளாக, தமிழின் பழைய ஆவணங்களை வாசித்தவளாகச் சொல்கிறேன்.

முதலில் பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல அது அவ்வளவு பலமான பூட்டு அல்ல. இந்தியாவில் பொதுவாக்கெடுப்பு வைத்து அரசமைப்பைத் திருத்தும் வழக்கம் இல்லை. பிரிவு 368இன்படி, நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால் திருத்தம் நிறைவேறும். சில பிரிவுகளுக்கு மட்டும் கூடுதலாக, பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். எந்தப் பிரிவுகளுக்கு என்று ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல், ஒன்றிய - மாநில அதிகாரப் பங்கீடு, உயர் நீதிமன்றங்கள், அண்மையில் சேர்ந்த சரக்கு - சேவை வரி மன்றம். அடிப்படை உரிமைகள் அந்தப் பட்டியலில் இல்லை. வரி மன்றம் தொடர்பான பிரிவைத் தொட வேண்டுமானால் பாதி மாநிலங்களைக் கேட்க வேண்டும். தீண்டாமையை ஒழித்த பிரிவு 17ஐயோ, பாலினத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பிரிவு 15ஐயோ தொடுவதற்கு ஒரு மாநிலத்தைக்கூடக் கேட்க வேண்டாம்.

இதற்குமேல் இருக்கும் ஒரே தாழ்ப்பாள், 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ‘அடிப்படைக் கட்டமைப்பு’க் கோட்பாடு. நாடாளுமன்றம் திருத்தலாம், அடித்தளத்தைப் பெயர்க்க முடியாது என்பது தீர்ப்பு. பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் ஒருபக்கம், ஆறு பேர் மறுபக்கம். பெரும்பான்மையிடமிருந்து நம்மைக் காக்கும் தாழ்ப்பாளே ஒற்றை ஓட்டுப் பெரும்பான்மையில்தான் நிற்கிறது. அந்தப் பதின்மூன்று பேரில் பெண் ஒருவர்கூட இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக ஃபாத்திமா பீவி வந்து சேர்ந்ததே 1989இல்தான்.

சரி, ‘மக்கள் விருப்பம்’ என்று சொல்கிறோமே, அதன் கணக்கையும் பார்ப்போம். விடுதலைக்குப் பிறகு இதுவரை நடந்த எந்த மக்களவைத் தேர்தலிலும் எந்தக் கட்சியும் தனியாகப் பாதி ஓட்டு வாங்கியதில்லை. 1984இல் நானூறு இடங்களைத் தாண்டிய காங்கிரசும் வாங்கவில்லை. 2014இல் பாரதிய ஜனதா கட்சி ஏறக்குறைய 31 விழுக்காடு ஓட்டில் 282 இடங்களைப் பிடித்தது. ஆக, மக்கள் கேட்கிறார்கள் என்று சொல்லி வருகிறவர்கள் இடங்களின் பெரும்பான்மையை மக்களின் பெரும்பான்மையாக வேடம் கட்டிக் கொண்டுவருகிறார்கள். 2024இல் தேர்வான 543 பேரில் பெண்கள் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டத்திருத்தம் 2023இல் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று இரண்டு கொக்கிகளில் அதை மாட்டி வைத்துவிட்டார்கள். இந்த அவையிடம்தான் என் உரிமையைக் குறைக்கும் சாவியைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

இந்த இடத்தில் என் பெரியாரியத் தோழர்கள் குறுக்கிடுவார்கள். குறுக்கிட வேண்டும். ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது மிக வலுவான சான்று. 1951. சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர் நீதிமன்றம் 1950இல் செல்லாதென்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. எந்த அடிப்படை உரிமையின் பேரால்? சமத்துவத்தின் பேரால். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் மறுக்கப்படும் என்று மனுப் போட்ட பெண் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவுக்கு வந்தார். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் முதல் திருத்தம் வந்தது. பிரிவு 15இல் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. அது இல்லையென்றால் நானும் இல்லை. என் அம்மா வழியில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்தான்.

“பார்த்தாயா, மக்கள்தானே மாற்றினார்கள்? நீதிபதிகள்தானே குறுக்கே நின்றார்கள்?” என்று கேட்பார்கள்.

நன்றாகப் பாருங்கள் என்பதுதான் என் பதில். 1951இல் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியது தற்காலிக நாடாளுமன்றம். அதே பழைய அரசமைப்பு அவைதான். முதல் பொதுத்தேர்தலே அதற்குப் பிறகுதான் நடந்தது. அதாவது அன்று வாக்குப்பெட்டி பேசவில்லை, தெரு பேசியது. தெரு எதைக் கேட்டது? யாருடைய உரிமையையும் பறிக்கச் சொல்லவில்லை. காலங்காலமாகக் கதவுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே விடச் சொன்னது. அது கூட்டல். ஆனால் அதே திருத்தத்தில், அதே பேனாவால், பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளும் எழுதப்பட்டன. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு என்று காரணங்கள் கூடின. அது கழித்தல். முதல் பாதியைக் கொண்டாடும் நாம் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று அணு உலைக்கு எதிராகவும் சாதி ஆணவக் கொலைக்கு எதிராகவும் வாய் திறப்பவர்கள் மீது வழக்குப் போடும்போதெல்லாம் அந்த இரண்டாம் பாதிதான் நிழலாக நிற்கிறது.

கூட்டலையும் கழித்தலையும் பிரித்துப் பார்ப்பது எப்போதும் இவ்வளவு எளிதல்ல என்று தெரியும். 2019 ஜனவரியில் வந்த 103ஆம் திருத்தம் அதற்குச் சான்று. பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்குப் பத்து விழுக்காடு என்று கூட்டல் குறியோடு வந்தது. மக்களவையில் 323 பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஆனால் ஏழைகளுக்கான அந்த ஒதுக்கீட்டில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஏழைகளுக்கு இடமில்லை. 2022இல் உச்ச நீதிமன்றமும் மூன்றுக்கு இரண்டு என்று அதைச் சரியென்றது. எனவே ஒரு திருத்தம் கூட்டலா கழித்தலா என்று கண்டுபிடிக்க, அதைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சைக் கேட்டுப் பயனில்லை. அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே நிற்கிறவளைக் கேட்க வேண்டும். அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாதம் இன்னும் பிரபலமானது. “பெரும்பான்மை தவறு செய்தாலும் அடுத்த தேர்தலில் தானே திருத்திக்கொள்ளும். 1975இல் நெருக்கடி நிலை வந்தது, 1977இல் மக்கள் தூக்கி எறிந்தார்கள். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு.”

நெருக்கடி நிலைக் காலத்தில் நாடாளுமன்றமும் நம்மைக் கைவிட்டது, நீதிமன்றமும் கைவிட்டது என்பதை மறைக்கமாட்டேன். விசாரணையின்றிச் சிறைபிடிக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கன்னா ஒருவர்தான். அதே ஆண்டில் 42ஆம் திருத்தம், நாடாளுமன்றம் எதைத் திருத்தினாலும் எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று எழுதிக்கொண்டது. ஆனால் 1977இல் மக்கள் தூக்கி எறிந்தார்கள் என்ற கதையைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வடக்கே இந்திரா காந்தியின் கட்சி துடைத்தெறியப்பட்ட அதே தேர்தலில், தமிழ்நாட்டில் அதிமுக - காங்கிரஸ் - இந்தியக் கம்யூனிஸ்ட் அணி 39 இடங்களில் 34ஐ வென்றது. வடசென்னையோ ஊரோடு ஒத்துப்போகாமல், மிசாவில் சிறை சென்ற ஏ.வி.பி. ஆசைத்தம்பியைத் திமுக சார்பில் தில்லிக்கு அனுப்பியது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் கேட்கிறேன்: அன்று நாட்டின் சிவில் உரிமைகள் தமிழ்நாட்டு வாக்காளர்கள் கையில் மட்டும் இருந்திருந்தால்? மக்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். மீதான அன்பு, திமுக ஆட்சிமேல் கோபம், விலைவாசி, அரிசி என்று ஓட்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு ஓட்டில் ஆயிரம் காரணத்தை அடைக்கிறோம். அதை எடுத்து, “இவர்கள் ஆட்கொணர்வு உரிமை வேண்டாம் என்றார்கள்” என்று வாசிப்பது மோசடி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சென்னையின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு சென்னை மத்திய சிறையில் அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்துபோனார். மார்ச்சில் தேர்தல் வந்தது. நாடு தன்னைத் திருத்திக்கொண்டது. சிட்டிபாபுவுக்கு அந்தத் திருத்தம் என்ன செய்தது?

என் மொத்த வாதமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பெரும்பான்மை தன் தவறைத் திருத்திக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம். அது திருந்தும்வரை யார் உடல் காத்திருப்பது?

அயர்லாந்தைப் பாருங்கள். 1983இல் அங்கே பொதுவாக்கெடுப்பு. கருவுக்கும் தாய்க்கும் உயிர் வாழ்வதில் சம உரிமை என்ற திருத்தம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அரசமைப்பில் ஏறியது. 2012 அக்டோபரில், கர்நாடகத்திலிருந்து அங்கே போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், பதினேழு வாரக் கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் கருவைக் கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருக்கிறது என்று மறுத்தார்கள். இரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். வயது 31. அதன் பிறகு பெண்கள் தெருவில் நின்றார்கள். 2018இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய அதே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அந்தத் திருத்தம் நீங்கியது. “பார்த்தாயா, வாக்காளர்களே திருத்தினார்கள்” என்று இதையும் எனக்கெதிராகவே காட்டுவார்கள். ஆம், திருத்தினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. வாக்காளர்கள் மனம் மாற முப்பத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்துக்கு நாற்பது வாரம்தான் கணக்கு.

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று 1959இல் ஆண்களிடம் ஓட்டெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அப்பென்சல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தின் ஆண்கள் 1990இலும்கூட, தங்கள் மாநிலத் தேர்தல்களில் பெண்களுக்கு ஓட்டில்லை என்று கைதூக்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அங்கே பெண்களுக்கு ஓட்டு வந்தது. நம் ஊரில் 1949இல் ஆண்களைக் கூப்பிட்டு, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் ஓட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்கவில்லை. கேட்காமல் எழுதியதால்தான் எனக்கு ஓட்டு. எழுதியவர்களிடையே சென்னை மாகாணம் அனுப்பிய அம்மு சுவாமிநாதனும் துர்காபாயும் தாட்சாயணி வேலாயுதனும் இருந்தார்கள். அதே காலத்தில் அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா, பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் தர வந்தது. அதை நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையிடம் விட்டார்கள். இழுத்தடித்தார்கள். 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

நானூறு இடம் பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. ஷா பானு வழக்கில் 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்ச உரிமை உண்டென்றது. மறு ஆண்டே, நானூறு இடம் வைத்திருந்த அரசு அந்த உரிமையைச் சுருக்கச் சட்டம் போட்டது. அது அரசமைப்புத் திருத்தம் அல்ல, சாதாரணச் சட்டம்தான். ஆனால் ஆண்களின் ஓட்டுக்கு அஞ்சிய ஓர் அசுரப் பெரும்பான்மை எதை விற்றது என்று பாருங்கள். ஒரு மூதாட்டியின் மாதச் செலவுப் பணத்தை. பிறகு 2001இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கே விரிந்த பொருள் சொல்லிக் கொஞ்சம் மீட்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பெண்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று கணக்கெடுத்தவர் யார்?

2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை உயிர்ப்பித்தபோதும் இதையேதான் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறிய எண்ணிக்கையினர், மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றிக்கொள்ளட்டும் என்றது. நாடாளுமன்றம் என்ன செய்தது? 2015 டிசம்பரில் சசி தரூர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். விவாதிக்கக்கூட வேண்டாம், அறிமுகம் செய்யவே கூடாது என்று 71 பேர் சொன்னார்கள். ஆதரித்தவர்கள் 24 பேர். அந்த அவையில் மொத்தம் 545 இடம். மீதிப் பேருக்கு அன்று வேறு வேலை இருந்தது. 2018 செப்டம்பர் 6 வரை என் திருநங்கைத் தோழிகளும் தன்பாலின நண்பர்களும் குற்றவாளிகளாகவே தூங்கி எழுந்தார்கள். ‘சிறிய எண்ணிக்கை’ என்பது உரிமையை மறுக்கக் காரணமாகிறது என்றால், உரிமை என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வேலை? சலுகை என்றே சொல்லிவிடலாம்.

எங்கள் கரைக்கு வருகிறேன். எண்ணிக்கையில் சிறியவர்கள் என்றால் மதத்தாலோ பாலினத்தாலோ மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இருக்கும் இடத்தாலும் சிறுபான்மை ஆகலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியது. படகும் வலையும் கருத்துப்போயின. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து போராடினார்கள்.

இப்போது சென்னை முழுக்க ஒரு வாக்கெடுப்பு வையுங்கள். “தடையில்லா மின்சாரம் வேண்டுமா, எண்ணூர்க் கழிமுகம் வேண்டுமா?” முடிவு எனக்கு இப்போதே தெரியும். உங்களுக்கும் தெரியும். அண்ணாநகரும் அடையாறும் வேளச்சேரியும் கெட்ட மனத்தோடு ஓட்டுப் போடமாட்டார்கள். விசிறி சுழல வேண்டும் என்றுதான் போடுவார்கள். எண்ணூர் தோற்கும். தோற்ற பிறகும் அந்தக் குப்பத்துப் பெண்ணிடம் மிச்சம் இருப்பது உயிர் வாழும் உரிமை என்ற பிரிவு 21ம், ஆயுதமின்றிக் கூடும் உரிமை என்ற பிரிவு 19ம் மட்டும்தான். அதுவே அவளுக்கு முழுதாகக் கிடைத்துவிடவில்லை. காகிதத்தில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதையும் ஓட்டுக்கு விடச் சொல்கிறீர்களா?

ஊர்க்கூட்டமே ஜனநாயகம், தமிழருக்குக் குடவோலையே சான்று என்கிறவர்களுக்கும் ஒரு சொல். உத்திரமேரூர்க் கல்வெட்டை நானும் வகுப்பில் நடத்துகிறேன். முதலாம் பராந்தகன் காலத்தது. பானைக்குள் ஓலை போட்டார்கள், உண்மை. யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குக் கீழ் வயது, வேதக் கல்வி. அது பிராமணர் சபை. பெண் அந்தப் பானையில் இல்லை. பெண் வேறு கல்லில் இருக்கிறாள். எங்கள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நெல் குற்றுவதற்காக ஐந்து பெண்களை, அவர்களுடைய சந்ததியோடு சேர்த்துக் கொடுத்ததைச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று பதிந்து வைத்திருக்கிறது. ஊரறிய, முறைப்படி, கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். முறைப்படி நடந்தது என்பதும் நியாயமாக நடந்தது என்பதும் வேறு வேறு என்று எனக்குக் கற்றுத்தந்தது அந்தக் கல்தான்.

அது பழைய கதையும் அல்ல. மீனவக் குப்பங்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் ஆண்களின் பஞ்சாயத்துதான். தலைக்கட்டுக் கணக்கில் ஆண்தான் தலை. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் நின்று, கூடை தூக்கி, கடன் அடைத்துக் குடும்பத்தை இழுப்பவள், ஊர் பேசும்போது பேச முடியாது. அரசமைப்பைப் பற்றிய வகுப்பு விவாதம் ஒன்றில் என் மாணவி சொன்னாள்: “மேம், ஊர்க்கூட்டம் போட்டா எங்கம்மா கதவுக்குப் பின்னாடி நின்னுதான் கேக்கும். எலெக்‌ஷன்லதான் அதுவும் ஆம்பளைங்களுக்குச் சமமா வரிசைல நிக்குது.” வகுப்பில் யாரும் அதற்குமேல் பேசவில்லை. அந்த அம்மாவை வரிசையில் நிறுத்தியது எந்த ஊரின் பெரும்பான்மையும் அல்ல. ஊரின் பெரும்பான்மையை மீறி எழுதப்பட்ட ஒரு சட்டம். வாக்குரிமை அடிப்படை உரிமைகளின் தோளில்தான் நிற்கிறது. பேசவும் கூடவும் நடமாடவும் உரிமை இல்லாதவளின் ஓட்டு, கணவன் சொல்லும் சின்னத்தில் விழும் மை மட்டுமே. எனவே ஓட்டைக் கொண்டு உரிமையை அறுக்கலாம் என்கிறவர்கள், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டச் சொல்கிறார்கள். ஆனால் கிளை முறிந்தால் விழப்போவது அவர்கள் அல்ல, நாங்கள்.

“அப்படியென்றால் சாவியை நீதிபதிகளிடம் கொடுக்கிறாயா?” இல்லை. செண்பகம் வழக்கில், 1976இல், 2013இல், 2022இல் அவர்கள் என்ன செய்தார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். நீதிபதி காவலாளி, வீட்டுக்காரர் அல்ல. காவலாளி தூங்குகிறார் என்பதற்காகக் கதவையே கழற்றிவிட முடியாது. கதவைப் பலப்படுத்த வேண்டும், காவலுக்கு நம்மவர்களும் போக வேண்டும்.

அதனால் நான் கேட்பது மூன்று. ஒன்று, அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் பகுதியைப் பிரிவு 368இன் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் உரிமையைக் குறைக்கும் எந்தத் திருத்தமும் செல்லாது என்று எழுத்தில் வர வேண்டும்; ஏழுக்கு ஆறு என்ற ஒற்றை ஓட்டை நம்பி இன்னும் எத்தனை காலம் இருப்பது? இரண்டு, பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கணக்கெடுப்பு, மறுவரையறை என்ற கொக்கிகளிலிருந்து கழற்றி அடுத்த தேர்தலிலேயே தர வேண்டும். நீதிமன்றங்களிலும் பெண்களும் தலித்துகளும் பழங்குடியினரும் சிறுபான்மையினரும் எண்ணிக்கையில் தெரிய வேண்டும். மூன்று, நம் தோழர்கள் ‘மக்கள் விருப்பம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துமுன், அந்த மக்களில் நாங்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டும் தில்லியில் நடக்க வேண்டியவை, நாளாகும். அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. அடுத்த முறை வேட்பாளர் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ எண்ணூரிலோ கும்பிட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும்போது, குடிநீர், பட்டா, சாலை எல்லாம் கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: “யாருடைய அடிப்படை உரிமையையும் குறைக்கும் திருத்தத்துக்கும், உன் கட்சித் தலைமையே சொன்னாலும், கை தூக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பாயா?” வாயால் சொன்னால் போதாது. எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியோடு வாங்கி வையுங்கள்.